சட்டிக்கு ஒரு துரை

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போவில் கொசு டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தேன். அந்த இலாகாவுக்கு மலாயில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அது கடிதத்தின் தலையில் மட்டும்தான் வரும். நாங்கள் குடியிருந்த சிலிபின் பகுதியில் எல்லோரும் என்னைக் கொசுக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். "கொசுக்காரன் வாரான்" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் அடுத்த நான்கு வீட்டில் வாளி கவிழும் சத்தம் கேட்கும். என் வேலையில் பாதியை அந்தப் பெயரே முடித்துக் கொடுத்தது.

மீதிப் பாதியும் சுலபம்தான். டார்ச் லைட், நீளக் கைப்பிடி போட்ட கரண்டி, சொட்டுக் குழாய், தோளில், புழுவைக் கொல்லும் மணல் மருந்து ஒரு பை. வீடு வீடாகப் போய்ப் பூச்சாடி, பழைய டயர், சாமி மேடைச் செம்பு என்று தண்ணீர் நிற்கிற இடத்தையெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மலாயில் ஜெந்திக் என்று சொல்லும் கொசுப்புழு நெளிந்தால் பாரம் என்கிற படிவத்தில் 'உண்டு' என்ற கட்டத்தில் ஒரு கோடு. நெளியாவிட்டால் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு. மூன்றாவது கட்டம் கிடையாது. அது என்ன புழு, எதைத் தின்கிறது, வளர்ந்தால் யாரைக் கடிக்கும் என்றெல்லாம் இலாகா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மனைவி இதற்கு நேர்மாறு. எதைப் பார்த்தாலும் அது என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் நகர முடியாது.

நாங்கள் இருவருமே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவளுடையது சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அந்த எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அவள் வீட்டார் அலமாரியையும் அம்மியையும் லாரியில் ஏற்றினார்கள். உதவிக்குப் போன இவள், மலைச் சரிவில் ஏறி ஒரு குரங்குச் சட்டிச் செடியை வேரோடு தோண்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிலிபினுக்கு வந்து சேர்ந்தாள்.

மலாய்க்காரர்கள் அதைப் பெரியோக் கெரா என்பார்கள். குரங்கின் சட்டி என்று அர்த்தம், அதையே நாங்கள் தமிழாக்கிக்கொண்டோம். தண்டின் அடியில் கொத்தாக, குண்டாக, மூடியோடு சட்டிகள் உட்கார்ந்திருக்கும். உள்ளே தண்ணீர். வாய் விளிம்பு வழவழவென்று இருக்கும். தேன் நக்க வருகிற எறும்பு சறுக்கி உள்ளே விழுந்து சாகும், செடி அதைத் தின்னும். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

செடி அவ்வளவு சீக்கிரம் தின்றுவிட முடியாது, அதற்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. சமையலறைக் கதவுக்கு வெளியே தகரத்தை வைத்தாள். ஆறு சட்டிகளுக்கும் தையல் நூலைக் கட்டி, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று எண் போட்டாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் என் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பாள். பிறகு கதவோரம் ஆணியில் தொங்கிய பள்ளிக்கூட நோட்டில் எழுதுவாள். பென்சிலும் அதே ஆணியில் நூலில் தொங்கியது. மூன்று வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினாள். நான் தினமும் அந்த நோட்டைக் கடந்துதான் குளிக்கப் போவேன். ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் அவள். புழுக்களின் லத்தீன் பெயர் அவளுக்குத் தெரியாது. எஸ்டேட்டில் யார் யாரைத் தின்று பிழைத்தார்கள் என்பது நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர்களையே வைத்துவிட்டாள்.

சட்டியின் உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, வலை பின்னாத ஒரு சின்னச் சிலந்தி உட்கார்ந்திருக்கும். உள்ளே வருகிற எறும்பில் முதல் பங்கு அதற்கு. ஏதாவது ஆபத்து என்றால் நூலைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஒளிந்துகொள்ளும். அது கங்காணி. தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி நெளிந்த சின்னப் புழுக்கள் ஆளுங்க. ஊறிப்போன எறும்பிலிருந்து உதிர்வதைத் தின்று காலம் தள்ளினார்கள். அந்த ஆளுங்களைத் தின்றது துரை. அரக்கு நிறத்தில் தடித்த புழு அது, அவசரமே படாது. கட்டை மாதிரிக் கிடக்கும். பக்கத்தில் ஓர் ஆள் வந்தால் தலை மட்டும் திரும்பும், அப்புறம் அந்த ஆள் இருக்க மாட்டான். ஒரு சட்டிக்கு ஒரு துரைதான். இரண்டு துரை இருந்தால் மறுநாள் ஒருவர்தான் இருப்பார், கொஞ்சம் பருமனாக.

அடியில் கிடந்து, மற்றவர்கள் தின்று போட்ட மிச்சத்தைச் சுத்தம் செய்யும் வெள்ளைப் புழுக்களும் இருந்தன. அவற்றுக்கு அவள் வைத்த பெயர் டிபார்ட்மெண்ட். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வைத்தாள். நான் கோபப்படவில்லை. என் அப்பா எஸ்டேட்டில் கால்வாய் கூட்டியவர், நான் கவர்ன்மெண்டில் கால்வாயை எட்டிப் பார்க்கிறவன். பெயர் பொருந்தத்தான் செய்தது.

மழை விட்ட மத்தியானங்களில் நீலமாக மினுங்கும் பெரிய கொசு ஒன்று வரும். சட்டியின் மேல் உட்காராது. பறந்தபடியே, துரை பிறக்கிற முட்டையை உள்ளே வீசிவிட்டுப் போகும். அது துரையம்மா. ஒரு நாள் என் மனைவி கையை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"கடிக்கலங்க" என்றாள் அன்று சாயங்காலம். "இது ரத்தம் குடிக்கிற ரகம் இல்ல. துரை இருக்கிற சட்டியில மத்த கொசு வளரவும் முடியல."

கொசுக்காரனிடமே கொசுவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்து நான் உம் கொட்டினேன்.

அந்தச் சமயத்தில் தினக்கூலிகள் ஐந்து பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதில் என் பெயரும் இருந்தது. ஆனால் வேறொரு பகுதியில் எங்கள் ஆள் ஒருவன் வீட்டுப் பூச்சாடியிலேயே ஜெந்திக் பிடிபட்டு, அவனுக்கு வர இருந்த நிரந்தரம் நின்றுபோயிருந்தது. அதனால் எங்கள் சூப்பர்வைசர் ஐந்து பேர் வீட்டுக்கும் நேரில் வருவார் என்றார்கள். அவர் ஐம்பதைத் தாண்டிய கிறிஸ்தவத் தமிழர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அதைப் பார்த்தாலே நான் என் பாரத்தை இன்னொரு தடவை சரிபார்ப்பேன்.

எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு மேலே இருப்பவர் வருகிறார் என்றால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். துரை லயனைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கால்வாயைக் கழுவுவோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கோழியைக் கூடையில் போட்டு மூடுவோம், நோயாளி இருந்தால் அவரையும் எங்காவது உட்கார வைத்துவிடுவோம். துரை எதைப் பார்க்க வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. எதுவுமே கண்ணில் படாவிட்டால் தப்பும் கண்ணில் படாது என்பது கணக்கு.

வியாழக்கிழமை அவளிடம் சொன்னேன். "அந்தத் தகரத்தைத் தூக்கி எங்கயாச்சும் போட்டுரு. சனிக்கிழம சூப்பர்வைசர் வாராரு."

"எதுக்குப் போடணும்?"

"அதுல ஜெந்திக் இருக்கு."

"இருக்கு. ஆனா கடிக்கிற ஜெந்திக் இல்லங்க. வந்து பாருங்களேன்."

"என் பாரத்துல துரைக்குக் கட்டம் இல்ல."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "நான் அவருக்கு நோட்டைக் காட்டுறேன். படிச்சா அவருக்குப் புரியும். நீங்க அதைத் தொடாதீங்க. தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி, தொடல."

"சத்தியமா?"

"சத்தியமா லா."

அவள் என்னிடம் அதிகம் கேட்டவள் இல்லை. நகை கேட்டதில்லை, சினிமாவுக்குக் கூட்டிப் போகச் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கு என்று இருந்தது அந்தத் தகரமும் அந்த நோட்டும்தான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சட்டிகளைப் பார்த்து எழுதிவிட்டுக் கோயிலுக்குப் போனதும் மணல் மருந்துப் பையை எடுத்தேன். குளியலறைத் தொட்டி ஒன்றுக்கு ஒரு கரண்டி என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அளவு. சட்டியோ அரைக் கோப்பைத் தேத்தண்ணி பிடிக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டேன். பூதக்கண்ணாடி ஞாபகம் வந்தது, இன்னொரு சிட்டிகை போட்டேன். நின்று பார்க்கவில்லை. அந்த மருந்து வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும் என்பது தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். கை கழுவிவிட்டு ரேடியோ கேட்டேன்.

சனிக்கிழமை காலை சூப்பர்வைசர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து என் பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து இரண்டிலும் என் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குத்தான் வந்திருந்தார். தேத்தண்ணி குடித்தார், முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார், கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டைக் காட்டுகிறேன் என்று சொன்ன என் மனைவியும் காட்டவில்லை. மறந்துவிட்டாள் போல என்று நினைத்து நான் நிம்மதியாக மத்தியானம் தூங்கினேன்.

டிபார்ட்மெண்ட் செத்துப்போனால் ஊர் என்னவாகும் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. எறும்புகளுக்கு எதுவும் தெரியாது, அவை வழக்கம்போல் வந்து விழுந்துகொண்டிருந்தன. தின்ன ஆளில்லை, அள்ள ஆளில்லை. தண்ணீர் கறுத்து, சமையலறை வரைக்கும் நாற்றம் வந்தது. ஒரு சட்டியின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. கங்காணிகளையும் காணோம். கீழே ஆளுங்க இல்லாத இடத்தில் கங்காணிக்கு என்ன வேலை?

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள். "எறும்பு ஜாஸ்தியா விழுந்திருச்சோ? நான்தான் பக்கத்துல சீனித் தண்ணி சிந்திட்டேனோ என்னமோ. அதனாலயா இருக்குமோ?"

என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் இத்தனை வருஷம் கழித்தும் நினைத்துப் பார்க்கிறேன். பொய்யிலேயே மட்டமான பொய் அது. புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யும் சிரமத்தைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தன் தலையில் போட்டுக்கொண்டதை அப்படியே அவள் தலையில் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நிரந்தரக் கடிதம் வந்தது. அவள் முந்திரி போட்டுப் பாயசம் வைத்தாள். நான் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினேன். வெட்கமாக இருந்தது. சொல்வதற்குப் பதிலாகச் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். புருஷன்மார்கள் வழக்கமாக எடுக்கிற முடிவுதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, யூனியன் கூட்டம் என்று சொல்லிவிட்டுச் சுங்கை சிப்புட் பஸ்ஸில் ஏறினேன். அவளுடைய பழைய எஸ்டேட்டில் பாதி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றாகியிருந்தது. லயன் வீடுகளுக்குக் கூரை இல்லை. மலைச் சரிவில் மட்டும் குரங்குச் சட்டிகள் முன்போலவே நிறைந்து கிடந்தன. முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகச் சொட்டுக் குழாயை விட்டேன். ஆளுங்களையும் டிபார்ட்மெண்டையும் அவற்றின் தண்ணீரோடு ஃபிளாஸ்க்கில் நிரப்பினேன். கங்காணிகளைக் காகிதத்தில் மடித்தேன். துரைகளை மட்டும் இலாகாவின் மாதிரிப் புட்டிகளில் ஆளுக்கொன்றாக அடைத்தேன். அதுவரை நான் கொன்ற ஜெந்திக்குக்குக் கணக்கே கிடையாது. அன்று ஒரு புழுவின் வால் குழாயில் நசுங்கிவிட்டது என்று ஐந்து நிமிஷம் வருத்தப்பட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அடிக்கொரு தரம் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து காற்று விட்டேன். "இன்னும் அரை மணி நேரம்தான், பொறுத்துக்குங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னதும் உண்மை. நிமிர்ந்தால் பக்கத்தில் சூப்பர்வைசர். நடுவழியில் சர்ச் முடிந்து ஏறியிருக்கிறார்.

"என்னப்பா, ஃபிளாஸ்க்கோட பேசிக்கிட்டு வார? கண்டக்டர் பாத்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு டிக்கட் கிழிச்சிருவான்."

மறைக்க வழியில்லை. ஒரு புட்டியை அவரிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடி வெளியே வந்தது. என் நிரந்தரம் அதோடு போச்சு என்று நினைத்தேன்.

"ஓ, இவரா! இது கடிக்காதுலா. மத்த ஜெந்திக்கைப் பிடிச்சுத் தின்னும். எங்க பிடிச்ச?"

"குரங்குச் சட்டியில சார். வீட்டுல ஒரு செடி இருக்கு. அதுக்குத்தான்."

"வீட்டுலயா? அன்னைக்கு வந்தேனே, ஏன் காட்டல?" அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது. "இது ஒரு நாளைக்கு எத்தன தின்னுது, எத்தன நாள்ல வளருதுன்னு யாராச்சும் குறிச்சு வச்சா பெரிய ஆபீஸ்ல தலையில தூக்கி வச்சுக்குவாங்க."

"என் வீட்டுக்காரம்மா குறிச்சு வச்சிருக்கு சார். மூணு வருஷமா."

அவர் புட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழம அந்த நோட்டைக் கொண்டா."

வீட்டுக்கு வந்தபோது அவள் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். சட்டிகளிலிருந்த மணலைக் கறுத்த தண்ணீரோடு உறிஞ்சி எடுத்தேன். மழைத் தண்ணீரில் நான்கு முறை அலசினேன். கொண்டுவந்தவர்களைக் குடியேற்றினேன். அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அவசரத்தில் நாலாம் சட்டியில் இரண்டு துரைகளை விட்டுவிட்டேன். அவள் அன்று வழக்கம்போல் டார்ச் அடித்துப் பார்த்தாள், எழுதினாள், நோட்டை ஆணியில் மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் சூப்பர்வைசரிடம் கொடுப்பதற்காக நோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சின்னச் சின்ன எழுத்து. தேதி, சட்டி எண், துரை எத்தனை ஆளைத் தின்றார், கங்காணி எங்கே உட்கார்ந்தார், மழையா வெயிலா, எல்லாம் இருந்தன. பெருமையாகத்தான் புரட்டிக்கொண்டு வந்தேன். சூப்பர்வைசர் வந்துபோன சனிக்கிழமை வரைக்கும் வந்தேன்.

'சனி. காலை. ஆறு சட்டியிலும் மணல். அவர் பையில் இருக்கும் மணல். துரை எல்லோரும் இறந்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. அவரே சொல்வார்.'

அதற்குக் கீழே: 'ஞாயிறு. தண்ணீர் கலங்கல். சொல்லவில்லை.' 'திங்கள். கங்காணி இரண்டு பேர்தான். சொல்லவில்லை.' 'செவ்வாய். நாற்றம். எறும்பாக இருக்குமோ என்று கேட்டேன். இருக்கும் என்றார்.' 'புதன். சொல்லவில்லை.' பாயசம் வைத்த நாளிலும் இருந்தது: 'கடிதம் வந்தது. பாயசம் கொஞ்சம்தான் குடித்தார். சொல்லவில்லை.' கடைசியாக முந்தின நாள்: 'ஞாயிறு. மணல் இல்லை. புதுத் தண்ணீர். நாலில் இரண்டு துரை, இரண்டு பேரும் வெளியூர். அவர் கால்சட்டை முட்டியில் செம்மண். சொல்லவில்லை.'

கோபமாக ஒரு வார்த்தை இல்லை. எழுத்து எங்கேயும் அழுந்தவில்லை. கங்காணியை எழுதிய அதே கையெழுத்தில் என்னையும் எழுதியிருந்தாள்.

மூன்று தாள்தான், கிழித்துவிட்டால் சூப்பர்வைசருக்குத் தெரியாது என்று தோன்றியது. தாளின் ஓரத்தைப் பிடித்தும் விட்டேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"மணல் போட்டது நான்தான்" என்றேன். "சத்தியம் பண்ணிட்டுப் போட்டேன். எறும்புன்னு சொன்னதும் பொய். நேத்து யூனியன் கூட்டமும் பொய். இப்ப இந்தத் தாளைக் கிழிக்கப் பாத்தேன்."

"தெரியும்" என்றாள். மெஷின் நிற்கவில்லை.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"துரைகிட்ட நான் ஏதாச்சும் கேட்டனா? பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

எனக்குக் கண் கலங்கியது. அவள் கடைசித் தையலை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துத் துணியை மடித்தாள்.

"நோட்டை எதுக்கு எடுத்தீங்க?"

"சூப்பர்வைசர் கேட்டாரு. நாளைக்குக் குடுக்கணும்."

"அந்தப் பக்கத்தையும் படிப்பாரே?"

"படிக்கட்டும்" என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, என் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆறு சட்டியையும் எட்டிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. எழுதி முடித்து நோட்டை ஆணியில் மாட்டாமல் என் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

'திங்கள். நாலில் ஒரு துரைதான். மற்றவரைக் காணோம். எறும்பு மூன்று. நாற்றம் குறைவு. கிழிக்கவில்லை. இன்று சொன்னார்.'